கோட்டையை உழுதார்கள், பெயரை?

(திண்டிவனத்தில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

நாம் கூடியிருக்கும் இத் திண்டிவனத்தின் ஒரு பகுதிக்குக் கிடங்கில் என்று பெயர். கிடங்கு என்பது அகழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர் அது. நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் பாடினாரே, அதே நல்லியக்கோடன். கிடங்கிற் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கிற் குலபதி நக்கண்ணனார் என்னும் புலவர் இருவர் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டு கழக இலக்கியத்துள் வாழ்கின்றனர். அரண் அழிந்தது, அகழி தூர்ந்தது, ஓய்மான் குடி போன வழி தெரியவில்லை. கிடங்கில் என்னும் சொல் மட்டும் இன்றும் இவ்வூரார் வாயில் வழங்குகின்றது.

இங்கிருந்து மேற்கே சென்றால் செஞ்சி. அதைப் பிடித்தவர் ஒவ்வொருவரும் அதற்கொரு பெயர் வைத்தனர். பீசப்பூர்ப் படையினர் பாதுசாபாத்து என்றனர். மராட்டியர் சிந்தி, சந்தி என வழங்கினர். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் அதைக் கைப்பற்றிய முகலாயர், தம் படைத்தலைவனின் பட்டப்பெயரால் நுசரத்துகட்டு என்றனர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தத்தம் நாவுக்கு ஏற்றவாறு சிதைத்தனர். அத்தனை பெயர்களும் ஏட்டில் கிடக்கின்றன. இன்று காலை இங்கு வந்த பேருந்தில் நடத்துநர் கூவியது செஞ்சி என்றுதான்.

இவ்விரண்டு ஊர்ப் பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். ஒரு குடி, தன் அரணில் நின்று ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுகின்றது, தோற்கின்றது. வென்ற அரசு அதன்பின் அந்த அரணை என்ன செய்கின்றது? போரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். போருக்கு மறுநாள் காலையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அடிமைத்தனம் வேர் பிடிப்பது அந்த மறுநாளிலேதான்.

பழைய வழி ஒன்றுண்டு. 1714-இல் செஞ்சியின் தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குத் திறை செலுத்த மறுத்துப் போரிட்டு மடிந்தான். இருபத்திரண்டு அகவை இளைஞன். நவாபு என்ன செய்தான்? கோட்டைக்குள் தன் ஆளை வைத்தான். திறவுகோலைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டான். அவ்வளவே. தேசிங்கின் மனைவி நினைவாக இராணிப்பேட்டையை அவனே அமைத்தான் என்றுங்கூடச் சொல்வர். அந்த ஆட்சிக்கு வேண்டியது திறை. மக்கள் என்ன பேசினர், யாரைப் பாடினர் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. தேசிங்கு வடக்கேயிருந்து வந்த பந்தேலக் குடியினன். தேச்சிங்கு என்னும் அவன் பெயரையே நம் மக்கள் தேசிங்கு என்று தமிழாக்கிக் கதைப்பாட்டில் ஏற்றிக்கொண்டனர்.

வெள்ளைக் கும்பணியார் கொண்டுவந்த வழி வேறு. அவர்களுக்குத் திறவுகோல் மட்டும் போதவில்லை. அந்த வழியை அவர்கள் எங்கே கற்றார்கள் தெரியுமா? தங்கள் தீவிலேயே, தங்கள் அண்டை வீட்டாரிடத்திலேயே கற்றார்கள். ஆகவே சிறிது நேரம் என்னோடு இசுக்காட்லாந்தின் மலைநாட்டுக்கு வாருங்கள். பிறகு நேரே பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்துவிடுவோம்.

இசுக்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் மக்கள் குடிகுடியாக வாழ்ந்தனர். குடித்தலைவன் தன் மக்களுக்குப் படைத்தலைவன். வழக்குத் தீர்க்கும் நடுவனும் அவனே. அவர்கள் மொழி கேலிக்கு. ஆங்கிலத்தினின்றும் வேறான கெல்த்திய மொழி. 1745-இல் இளவரசன் சார்லசு எட்வர்டுக்காக அக்குடிகளிற் பல வாளெடுத்தன. 1746 ஏப்பிரல் 16 அன்று கல்லோடன் வெளியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான போரில் அவர்கள் நொறுங்கினர். அதற்கு மேல் நிகழ்ந்ததே நமக்கு வேண்டிய பாடம்.

காமரூன் குடித்தலைவனின் அக்னகாரி மாளிகை அவ்வாண்டே எரிக்கப்பட்டது. பார்க்குவார்சன் குடியைச் சேர்ந்த பிரேமார் கோட்டையை அரசு 1748-இல் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டுச் சுற்றிலும் விண்மீன் வடிவில் மதிலெழுப்பிப் படைவீரரை அமர்த்தியது. குடியின் கோட்டை குடியையே காவல் காக்கும் பாசறையாயிற்று. 1831 வரையில் அங்கே படை இருந்தது. கடற்கரையோரம் சார்ச்சு கோட்டை என்றொரு பெருங்கோட்டையை 1748-இல் தொடங்கி 1769-இல் முடித்தனர். இரண்டு இலக்கம் பவுனுக்கு மேற் செலவு. இன்றுவரை அதிலிருந்து பகைவன் மீது ஒரு குண்டும் பாய்ந்ததில்லை. மலைநாடு முழுவதையும் 1747 முதல் 1755 வரை அளந்து படம் வரைந்தனர். காட்டையும் மேட்டையும் ஊடறுத்துப் படைச்சாலைகள் போயின. ஓர் அரசு ஒரு நாட்டுக்குச் சாலை போடுகின்றது என்றால் அது எந்தத் திசையில் யாரைக் கொண்டுசெல்லப் போடப்பட்டது என்று கேட்டுப் பழக வேண்டும்.

கல்லோடு நிற்கவில்லை. படைக்கலங்களைப் பறித்தனர். தலைவர்களின் வழக்குத் தீர்க்கும் உரிமையைச் சட்டத்தால் ஒழித்தனர். கிளர்ந்தோர் நிலங்களை அரசே எடுத்துக்கொண்டது. ஆடவர் தங்கள் மலைநாட்டுக் கட்டக் கம்பளியுடையை அணியலாகாது. அணிந்தால் ஆறு திங்கள் சிறை. மறுபடி அணிந்தால் ஏழாண்டு கடல்கடந்த நாடுகடத்தல். 1782 வரையில் இச்சட்டம் இருந்தது. உடுக்க ஒரே ஒரு வழி விட்டுவைத்தனர்: வெள்ளையரசின் படையிற் சேர்ந்தால் உடுக்கலாம்! சேம்சு ரீடு என்னும் குழலூதி, நான் வாளேந்தவில்லை, பைக்குழல்தான் ஊதினேன் என்று முறையிட்டான். குழலின்றி மலைநாட்டுப் படை நடப்பதில்லை. ஆகவே குழலும் போர்க்கருவியே என்று தீர்த்து 1746-இல் யார்க்கு நகரில் அவனைத் தூக்கிலிட்டனர். பாட்டுக்கு அரசு எவ்வளவு அஞ்சுகின்றது பாருங்கள்.

கேலிக்கு மொழியோ அதற்கு முன்பிருந்தே நெருக்கப்பட்டது. சமயத் தொண்டின் பெயரால் நடந்த பள்ளிகளில் ஆங்கிலமே கற்பித்தனர். 1755-இல் இசுக்காட்லாந்து மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கேலிக்கு பேசினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் அறுபதினாயிரத்துக்கும் குறைவு. கல்லோடனில் மாண்டோரினும் கரும்பலகையின் முன் ஊமையானோர் தொகை பெரிது.

இனி ஒரு குடும்பத்தைச் சொல்லிவிட்டு நம் நாட்டுக்கு வருகிறேன். தோற்றோடிய இளவரசனைப் பிடித்துத் தருவோர்க்கு முப்பதினாயிரம் பவுன் என்று அரசு அறிவித்தது. பட்டினியில் கிடந்த மலைநாட்டு மக்களில் அவனுக்குக் கஞ்சி ஊற்றினோர் பலர். அந்தப் பணத்தை வாங்கியவர் ஒருவருமில்லை. புளோரா மக்டொனால்டு என்னும் இளநங்கை அவனுக்குப் பெண்ணுடை உடுத்திப் படகேற்றிக் காத்தாள். ஆயினும் பிடிக்க முயன்றவர் இல்லாமலில்லை. அவர்களுள் ஒருவர் ஆலே மக்காலே என்னும் கிறித்தவக் குரு. அவருடைய பேரன் காலின் மக்காலே. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியின் மீது முதலில் படைகொண்டு வந்த மேசர் மக்காலே அவன்தான். காலினின் உடன்பிறந்தான் மகன் தாமசு பாபிங்டன் மக்காலே. 1835-இல் இந்தியர்க்கு ஆங்கிலக் கல்வியே தக்கது என்று குறிப்பெழுதிய அதே மக்காலே! பாட்டன் கையில் பிடியாணை, பேரன் கையில் பீரங்கி, கொள்ளுப்பேரன் கையில் எழுதுகோல். ஒரே குடும்பம்!

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோம். 1799 செபுதம்பர் 5 அன்று மேசர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினான். கட்டபொம்மன் வெளியேறினான், புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டான், அக்தோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். மலைநாட்டு ஏழைகள் முப்பதினாயிரம் பவுனைக் கால்தூசாக எண்ணினர் என்று சற்று முன்பு சொன்னேன். நம் நாட்டு அரசன் ஒருவன் என்ன செய்தான் என்பதையும் நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். வெட்கக்கேட்டை மூடி வைத்தால் அது புரையோடும்.

பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டான். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை முதலிய பாளையங்களும் பறிமுதலாயின. மன்னன் தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டனர். அரண் இனி நம் கையில் என்று கும்பணியார் நிம்மதியாக உறங்கினர்.

1801 பிப்பிரவரி 2 இரவில் சிறை உடைந்தது. ஒரு கிழமைக்குள், பிப்பிரவரி 9 அன்று மக்காலே படையோடு வந்து பார்க்கின்றான்: இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் கோட்டை நிற்கின்றது! மறுநாளே பாளையங்கோட்டைக்குத் திரும்பினான். கொத்தனார் எத்தனை பேர், மண் சுமந்தோர் யார், கூலி யார் கொடுத்தார் என்றெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. ஏழு நாளில் மண்மதில் எழுப்புவது சிற்றாளின் வேலையன்று; அது ஓர் ஊரே செய்த வேலை. மார்ச்சு 31 அன்று பீரங்கிகளோடு மோதிய வெள்ளைப்படை அந்த மண்மதிலின் முன் பிணங்களைப் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. பின்னர் அக்னியூ என்னும் தலைவன் பெரும்படை கொண்டுவந்து மே 24 அன்றுதான் உள்ளே நுழைய முடிந்தது. அவ்வாண்டுப் போரில் பாஞ்சாலங்குறிச்சிக்கு அனுப்பப்பட்ட படைகளுள் ஒன்று 74-ஆம் மலைநாட்டு அணி. ஆம், அதே இசுக்காட்லாந்து மலைநாட்டின் பெயரைச் சுமந்த அணிதான். அடக்கப்பட்டவனின் பேரனை அடக்குவதற்கு அனுப்புவது அரசுகளின் பழைய சிக்கனம்.

அப்போரில் இருந்த சேம்சு வெல்சு என்னும் வெள்ளைப் படைத்தலைவன் 1830-இல் தன் நினைவுகளை நூலாக்கினான். பகைவன் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. நம் திராவிட மொழியொப்பியல் தந்த கால்டுவெலும் தம் திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்தாண்டார். ஊமைத்துரைக்குப் பேச வாராது. அவன் சில துரும்புகளைப் பொறுக்கி இடக் கையில் வைப்பானாம், அவை வெள்ளையர். பிறகு வாயால் ஓர் ஒலியெழுப்பி மறு கையால் அவற்றைத் துடைத்தெறிவானாம். அதுதான் போர் முழக்கம்; ஊரே புரிந்துகொள்ளும். கோட்டை விழுந்த நாளில் அவன் புண்பட்டுப் பிணக்குவியலிடையே கிடந்தான். மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தியிடம், குற்றுயிராய்க் கிடந்த அவள் மகன், என்னை விட்டுவிடு, அருகில் கிடக்கும் நம் சாமியைக் காப்பாற்று என்றான். அவள் மகனை விட்டுவிட்டு அவனைத் தூக்கிச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தான் என்று ஒப்பாரி வைத்தனர், வந்தவர் ஓடிவிட்டனர். அங்கே ஒரு புளோரா. இங்கே பெயர் எழுதப்படாத ஒரு தாய். மகனை இழந்தவள் என்பதால் நம் தாய் ஒரு படி மேல் என்று நான் சொன்னால் நீங்கள் மறுக்கமாட்டீர்கள்.

பிறகு ஊமைத்துரை மருது உடன்பிறந்தாரிடம் சென்றதும், சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்கு வழி திறக்க வெள்ளையர் கிழமைக்கணக்கில் காடு வெட்டியும் எட்ட முடியாமற் போனதும், அக்தோபர் 1 அன்று காளையார்கோயில் வீழ்ந்ததும், 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலேறியதும் நீங்கள் அறிந்தவை. நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து கொன்றனர். ஏன் அங்கே? மக்கள் பார்க்கட்டும் என்று.

இப்போது, 1799-இல் செய்த பிழையைக் கும்பணியார் மறுபடி செய்யவில்லை. இடித்தால் எழுகின்றது, ஆகவே இடித்த இடத்தை உழுதனர். உழுத இடத்தில் ஆமணக்கு விதைத்தனர். பாளையத்து நிலங்களைத் தமக்குத் துணைநின்ற எட்டயபுரம் முதலிய பாளையங்களுக்குப் பங்கிட்டனர். திசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை வந்தது: வேலும் துப்பாக்கியும் வைத்திருக்கலாகாது, கோட்டைகள் இருக்கலாகாது. ஊர் காத்துக் காவற்கூலி பெற்று வந்த பாளையக்காரரின் உரிமை ஒழிந்தது. மலைநாட்டில் குடித்தலைவனின் வழக்குரிமை போனதுபோல இங்கே காவலுரிமை போயிற்று. 1802 பிப்பிரவரியில் எழுபத்து மூவரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தினர். சின்ன மருதின் இளமகன் துரைசாமியும் அவருள் ஒருவன். அத்தீவுக்கே பிற்காலத்தில், 1817-இல், ஆளுநராகச் சென்றவன் யார்? கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மேன். எஞ்சிய பாளையக்காரர் 1803-இல் வரி கட்டும் சமீன்தார்களாயினர். வாள் போய்ப் பட்டயத்தாள் வந்தது.

ஒன்று மிச்சம். பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரை மாவட்டப் பதிவேடுகள் அனைத்திலிருந்தும் நீக்கினர்.

பெருமக்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோட்டை இல்லை, மன்னன் இல்லை, படை இல்லை, நிலம் இல்லை. ஆமணக்கு முளைத்த வெற்று வயல். பீரங்கி வைத்திருந்தவன் அங்கே எதற்கு அஞ்சினான்? ஒன்பது எழுத்துக்கு அஞ்சினான். ஏழே நாளில் ஊரைக் கூட்டிய சொல் அது என்பதை நம்மைவிட அவன் நன்றாக உணர்ந்திருந்தான்.

இங்கே சிலர் ஐயம் எழுப்புவர்: கட்டபொம்மன் வீட்டில் தெலுங்கு பேசிய குடியினன் அன்றோ, அவனைத் தமிழ்மேடையில் ஏன் பாடுகிறீர் என்று. அக்குடி தெலுங்குக் குடிதான், மறைக்க வேண்டியதில்லை. அவன் குறையற்றவன் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆயினும் மதிலுக்கு மண் சுமந்த ஊரார் அவனை எந்த மொழியில் பாடினர்? தமிழில் பாடினர். கும்மியிலும் கதைப்பாட்டிலும் தெருக்கூத்திலும் அப்பெயரைத் தமிழ்தான் ஒளித்து வைத்துக் காத்தது. பேராசிரியர் நா. வானமாமலை அப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தபோது, பதிவேட்டில் இல்லாத ஊர் பாட்டில் முழு உருவோடு இருந்தது. 1974-இல் தமிழ்நாட்டரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது. இன்று அதே பெயர்தான் அரசுப் பலகையிலும் இருக்கிறது. கேலிக்கு மொழி ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் பல மலைப்பெயர்களுக்கு இன்று பொருள் சொல்ல ஆளில்லையாம். பதிவேடு போனாலும் பாட்டு இருந்தால் மீளலாம். பாடும் நாவே போய்விட்டால்?

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1803-இல் தென்னார்க்காட்டுத் தண்டலராக இருந்த காரோ என்பவர், செஞ்சிக் கோட்டை அரண்களை இடித்துவிடலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார். தென்பாண்டிக் கிளர்ச்சி அடங்கி இரண்டாண்டுகூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்வாய்ப்பாக அரசு அதை ஏற்கவில்லை. கோட்டை தப்பியது. 2025 சூலையில் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அதை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எந்தத் தலைப்பில் சேர்த்தது? மராட்டியப் படைசார் நிலப்பரப்புகள் என்னும் தலைப்பில், பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. சிவாசி 1677-இல் அதைக் கைப்பற்றி வலுப்படுத்தியது உண்மை; இராசாராம் அங்கிருந்து முகலாயரை எதிர்த்ததும் உண்மை. அதற்கு நெடுங்காலம் முன்பே ஆனந்தக்கோன் அம் மலையில் அரண் கட்டினான் என்பது இவ்வட்டாரத்து வழிவழிச் செய்தி. ஆனந்தகிரி, கிருட்டிணகிரி என்று அக் கோனார் மரபின் பெயர்களை மலைகளே தாங்கியிருந்தன. அவற்றுள் ஆனந்தகிரி இன்று இராசகிரி ஆகிவிட்டது. பன்னாட்டுப் பட்டியலின் தலைப்பில் கோனுக்கு இடமில்லை. யாரும் நம்மீது படையெடுத்து இதைச் செய்யவில்லை. நாம் வாய்மூடி இருந்ததால் ஆயிற்று.

விழுப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுமிய பெயர். ஆங்கில எழுத்தில் எழுதியபோது ழகரம் இரட்டை லகரமாயிற்று. இன்று நம் பிள்ளைகளே வில்லுபுரம் என்கின்றனர். தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென 1018 ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டு 2020 சூனில் அரசாணை வந்தது. எழுத்துக்கூட்டல் குழப்பத்தால் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதைச் செய்தோரைப் பழிப்பது எளிது. ஊர்தோறும் பெயரின் சரியான வடிவத்தைக் குறித்துக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

ஆகவே உரையை ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒவ்வொருவரும் உங்கள் ஊரின் ஏரி, மதகு, குன்று, திடல், வயற்பகுதி ஆகியவற்றின் பெயர்களை ஊர்ப் பெரியவர் வாயிலிருந்து கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். பத்திரத்திலும் நில அளவைப் பதிவிலும் அப்பெயர் எப்படி இருக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் அடிக்கோடிடுங்கள். கிடங்கில் தெருக்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்கள் முதலில் தொடங்கலாம். அடுத்த திங்கள் கூட்டத்துக்கு அவ்வேடுகளைக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம்.